வால்டோ கொடுத்த இரண்டாவது முகவரி

இலோய்லோ துறைமுகத்திலிருந்து எதிர்த்தீவிலுள்ள பகோலோதுக்குக் கப்பல் விடும் கம்பெனியில் வால்டோ ப்ரோகிராமர். கெட்டிக்காரன்தான், ஆனால் எதையும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவான். அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி லூசிங்கை எல்லோரும் 'மனாங்', அதாவது அக்கா, என்பார்கள்; விடிந்ததும் பேச ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை நிறுத்தமாட்டாள்.

டிக்கெட் போடும் ப்ரோகிராம் தலைமை அலுவலகக் கணினியில் இருந்தது. மழையில் அங்கே கரண்ட் போனால் அது படுத்துவிடும். துறைமுகக் கவுண்டர்களில் வரிசை நகராது, ஜனம் கண்டபடி ஏசும். வால்டோ ஒரு வழி செய்தான். அந்த ப்ரோகிராமைத் தேடிப் போகக் கவுண்டர்கள் வைத்திருந்த முகவரியோடு வேறொரு கணினியின் முகவரியையும் சேர்த்தான். முதல் இடத்தில் பதில் வராவிட்டால் தானாகவே அடுத்த இடத்துக்குப் போய்விடும். புதுக் கணினி இன்னும் வந்து சேராததால், துறைமுகக் கிளையில் தன் மேசைக்கடியில் கிடந்த சோதனைக் கணினியின் முகவரியைத் தற்காலிகமாகக் கொடுத்துவைத்தான்.

அதில் இருந்ததோ ஒரே கப்பல். பெயர் 'லூசிங்'. மூவாயிரம் இருக்கைகள். நண்பகலில் புறப்பாடு. சோதித்துப் பார்க்க அவனே விளையாட்டாக ஏற்றிய கற்பனைக் கப்பல்.

ஒருநாள் காலை அடித்த மழையில் தலைமை அலுவலகம் இருண்டது. கவுண்டர்கள் நிற்கவேயில்லை. லூசிங்குக்கு டிக்கெட் மளமளவென்று விற்றது.

தங்கையைப் பார்க்கக் கிளம்பிய மனாங் லூசிங்கும் ஒன்று வாங்கினாள். டிக்கெட்டில் தன் பெயரைப் பார்த்ததும் பூரித்துப்போய், கம்பெனி தன்னைக் கௌரவித்திருப்பதாகத் துறைமுகம் முழுக்கச் சொல்லிவந்தாள். நண்பகலில் கப்பலைத் தேடிக் கூட்டம் கூச்சல் போட, வால்டோ வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்து அவளிடம் உண்மையைச் சொன்னான்.

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"பேரு வெச்சது சரிடா. மூவாயிரம் பேர் உக்கார்ற மாதிரியா இருக்கேன் நான்?"

"சும்மா ஒரு கணக்குக்குப் போட்டேன், மனாங்."

"கணக்கா? என் இடுப்பைப் பாத்துத்தானே போட்டே?"

மேலாளர் ஹலாந்தோனி, சும்மா நின்ற வேறொரு கப்பலை வரவழைத்து எல்லோரையும் அதில் ஏற்றினார். வால்டோவை ஆசைதீரத் திட்டினார். ஆனாலும் கரண்ட் இல்லாத நாளில்கூட ஒரு கவுண்டரும் நிற்காததை நினைத்து, பகோலோதில் நல்ல கணினி ஒன்று வைத்து அதன் முகவரியைக் கொடுக்கும்படியும் சொன்னார்.

மனாங் லூசிங்கைச் சமாதானப்படுத்தக் கேப்டனின் அறையிலேயே உட்காரவைத்தார்கள். கரை மறைவதற்குள் கேப்டன் வேலை இருப்பதாகச் சொல்லி மேல்தளத்துக்குப் போய்விட்டார்.