குவைத்துக் கிரனோலா

அம்மா குவைத்தில் வீட்டு வேலை முடித்துத் திரும்பியபோது எனக்கு ஒன்பது வயது. போகும்போது நாலு. இடையில் என்னை வளர்த்தது சின்னம்மா. ஓலைத்தொடுவாய் என்ற எங்கள் ஊரில் எங்கள் வீடும் சின்னம்மா வீடும் ஒரே வளவுதான். என்றாலும் தலையணையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வர எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வந்த பிறகும் அம்மாவை விருந்தாளியாகவே நடத்தினேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், கதிரையைத் துடைத்துப் போட்டேன். என்ன மரியாதையான பிள்ளை என்று வந்து போனவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். அம்மா மட்டும் மெச்சவில்லை.

மூன்றாம் நாள் காலையில், "இண்டைக்குப் புட்டு வேண்டாம், நான் ஒரு சாமான் செய்து தாறன்" என்றார். அதன் பெயர் கிரனோலா. அவர் இருந்த வீட்டில் அதை மின்சாரப் போறணையில் வைத்து எடுப்பார்களாம். எங்களிடம் இருந்தது விறகடுப்பும் தாச்சியும். ஓட்ஸ், உடைத்த கச்சான் கடலை, எள்ளு, தேங்காய்ப்பூ எல்லாவற்றையும் பொன்னிறமாகும் வரை வறுத்தார். பனங்கட்டியைக் கரைத்துக் காய்ச்சி மேலே ஊற்றிப் பிரட்டினார். இறக்கிய பிறகு, பெட்டியில் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தையும் பிளம்ஸையும் கலந்தார். கேக்குக்குப் போடுகிற காய்ந்த திராட்சையைத்தான் நாங்கள் பிளம்ஸ் என்போம். ஆறியதும் எல்லாம் கட்டி கட்டியாக மொறுமொறுத்தது. எட்டிப் பார்த்த சின்னம்மா, "உது மாட்டுக்கு வைக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். வாசம் என்னவோ கிறிஸ்மஸ் வாசம்.

அம்மா ஒரு கிண்ணத்தில் போட்டுப் பால் ஊற்றினார். பிறகு என் முன்னால் அமர்ந்து, கரண்டி நுனியால் பிளம்ஸை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கத் தொடங்கினார். பழகிய கை, பார்க்காமலே எடுத்தது.

"ஏன் எடுக்கிறீங்கள்?"

"உனக்குத்தான் பிடிக்காதே."

"எனக்குப் பிடிக்கும். கேக்கில முதல் அதைத்தான் தின்னுவன்."

கரண்டி நின்றது. "ஓம் என்ன" என்றார் மெதுவாக. "அது அங்க இருந்த பிள்ளைக்கு."

கைக்குழந்தையாக எடுத்து, ஐந்து வயதுவரை அவர் வளர்த்த பையன். அப்படி ஒருவன் இருப்பான் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வேலிக்குப் போய், வெளியே மேய்ந்துகொண்டிருந்த கழுதைக்கு முன்னால் கவிழ்த்தேன். அது மண்ணையும் சேர்த்து நக்கியது. கழுதைக்குப் பிடித்துப்போனது என் கோபத்தை இன்னும் கூட்டியது. அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். ஏசவில்லை.

மறுநாள் என் கிண்ணத்தில் ஓட்ஸைவிடப் பிளம்ஸ்தான் அதிகம். முழுவதையும் சாப்பிட்டேன். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. ஆனால் இன்னும் வேண்டும் என்று கிண்ணத்தை நீட்டினேன். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. அன்று மத்தியானம் என் தலையைப் பின்னிவிட வந்தார். நானும் இருந்து கொடுத்தேன்.

அந்தக் கிழமைக்குள்ளேயே ஒருநாள் அம்மாவின் போன் அடித்தது. அவர் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். ஒரு பெண் அரபியில் ஏதோ சொல்லிப் போனை யாரிடமோ கொடுப்பது கேட்டது. பிறகு ஒரு சின்னப் பையனின் குரல், தமிழில்:

"பிள்ளை, சாப்பிட்டியோ? அம்மா கெதியில வாறன், என்ன."

குவைத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அம்மா எனக்குப் போன் எடுத்தால், சாப்பிட்டாயா என்று தொடங்குவதும் சீக்கிரம் வருகிறேன் என்று முடிப்பதும் இதே வார்த்தைகளில்தான். அதே இழுவை, அதே 'என்ன'. அவன் என்னைப் பழித்துக் காட்டுகிறான் என்று நினைத்து அழைப்பைத் துண்டித்தேன்.

"ஆர் பிள்ளை?" என்று கிணற்றடியிலிருந்து அம்மா கேட்டார்.

"ஆரோ நம்பர் மாறி எடுத்திட்டினம்."

மறுபடி அழைப்பு வரவில்லை. வென்றுவிட்ட சந்தோஷத்தோடு நான் விளையாடப் போனேன்.

அவன் பழித்துக் காட்டவில்லை. அந்த வீட்டில் அவன் தமிழ் கேட்டதெல்லாம் அம்மா என்னோடு பேசிய சில நிமிடங்களில்தான். அப்போது அவர் மடியில் இருந்திருப்பான். அவரைத் தேடிப் போன் எடுத்த பிள்ளைக்கு, அவருடைய மொழியில் சொல்லத் தெரிந்தது எனக்கென்று சொல்லப்பட்ட அந்த இரண்டு வரி மட்டும்தான். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.