ஹில்க்காவும் கத்தியின் முதுகும்

கத்தியைக் கையில் கொடுத்தால் ஹில்க்கா அதன் கூர்மையைப் பார்க்க மாட்டாள். சட்டென்று திருப்பி, முதுகை இடது கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து ஓர் இழுப்பு இழுப்பாள். நகத்திலிருந்து மாவு மாதிரி கொஞ்சம் உதிர்ந்தால் தலையசைப்பாள். வழுக்கிக்கொண்டு போனால், "இதுக்கு ஒரு கரண்டி வாங்கியிருக்கலாம்" என்பாள். இந்தச் சோதனையால் அந்த நகம் எப்போதும் எலி கொறித்த சோப்பு மாதிரிதான் இருக்கும்.

வயது ஐம்பத்தொன்பது. வடக்கு ஃபின்லாந்தில் ஏரிக்கரை ஊர் ஒன்றில், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வியாழக்கிழமையானால் இருநூறு பிள்ளைகளுக்குப் பட்டாணி சூப். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டுக் கார் கொட்டகைக்குள் நுழைந்தால், யாராவது ஒருவருடைய கத்தி அங்கே காத்திருக்கும். காட்டுக்குப் போகிறவர்கள் கடையில் வாங்கும் கத்திகள் பலவும் முதுகு மழுங்கலாக, கறுப்புப் பூச்சோடு வருகின்றன. காட்டில் நெருப்பு மூட்ட வைத்திருக்கும் தீப்பொறிக் கம்பியை அந்த முதுகால் பொழுது சாயும்வரை உரசினாலும் ஒரு பொறியும் வராது. பென்சில் தடிமனுள்ள அந்தக் கம்பியைச் சுரண்டியெடுக்க, முதுகின் விளிம்புகள் செங்கல் விளிம்பு மாதிரி நேராக நிற்க வேண்டும்.

கூர்ப்பக்கத்தை டேப்பால் சுற்றி, முதுகு மேலே தெரியும்படி மேசையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் இறுக்குவாள். அரத்தைக் கிடையாகப் பிடித்து ஒரே திசையில் தள்ளுவாள். பூச்சு போய், முதுகு தட்டையாகி வெள்ளை இரும்பு தெரிந்ததும் நிறுத்திவிடுவாள். பளபளப்பாக்கித் தரச் சொன்னால் பிடிக்காது. "பொறி வேணுமா, மூஞ்சி பாக்கணுமா?"

பல் டாக்டர் ஒருவர் பொறுமையில்லாமல் தானே சாணைச் சக்கரத்தில் பிடித்து, நீலம் பாரித்துப்போன கத்தியோடு வந்து நின்றார். "சூடேறி இரும்பு செத்துப்போச்சு டாக்டர். வெண்ணெய் தடவ வெச்சுக்கங்க. பல்லுலயும் இப்படித்தான் வேலை பாப்பீங்களா?" என்றாள். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. டாக்டர் மறுவாரம் புதுக் கத்தியோடு வந்தார்.

லைட்டர் என்றாலே அவளுக்கு ஆகாது. "குளிருல மொதல்ல சாகறது அதுதான்" என்பாள். துணி துவைக்கும்போது கணவர் ரெய்னோவின் பைகளில் அகப்படும் லைட்டர்களைக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு தீப்பொறிக் கம்பியைச் செருகி வைப்பாள்.

ஆனால் ஊர்க் கத்திகளையெல்லாம் நேராக்கியவளால் தன் வீட்டுக் கத்தியைத் தொட முடியவில்லை. ரெய்னோ ஓய்வு பெற்றபோது மர அறுவை ஆலையில் கொடுத்த கத்தி அது. அலகின் பக்கவாட்டில் அவர் பெயரும் 'முப்பத்திரண்டு ஆண்டு உழைப்புக்கு' என்ற வரியும் பொறித்திருக்கும். முதுகோ உருண்டு வழவழவென்று பாதிரியாரின் வழுக்கை மாதிரி மின்னும். அன்பளிப்புக் கத்தியில் கைவைப்பது, கொடுத்தவர் முகத்திலேயே கைவைப்பது என்று ரெய்னோ நினைத்தார். ஊரில் முக்கால்வாசிப் பேரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

"முப்பத்திரண்டு வருஷம் மரத்தூள் தின்னதுக்கு ஒரு வழுக்க மண்டையக் குடுத்திருக்கான் உன் மொதலாளி. குடுய்யா, நேராக்கித் தரேன்."

"அதுமேல அரம் பட்டுச்சுன்னா நான் போயி சவுனாக் குளியலறையில படுத்துக்குவேன்."

"படு. வெதுவெதுன்னு இருக்கும்."

வாய்தான் கேலி பேசியது. உள்ளுக்குள் அவளுக்குப் பயம். ரெய்னோ தனியாக மீன்பிடிக்கப் போகிறவர். ஏரியில் முதல் பனிக்கட்டி படர்ந்ததும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அது ஆளைத் தாங்குமா என்று யோசிப்பதெல்லாம் திரும்பி வந்த பிறகுதான்.

போன நவம்பரில் தாங்கவில்லை. இடுப்புவரை உள்ளே போய், எப்படியோ கரையேறி, மூன்று கிலோமீட்டர் நடந்து வந்து சேர்ந்தார். கால்சட்டை உறைந்து பலகையாக நின்றது.

"லைட்டர் என்னாச்சு?"

"நனைஞ்சிருச்சு."

"கம்பி?"

"நாப்பது தடவ உரசினேன். வழுக்கிட்டே போகுது."

"கூர்ப்பக்கத்தத் திருப்பி உரசறதுக்கென்ன?"

ரெய்னோவுக்குப் பல் கிடுகிடுத்தது. "அன்பளிப்புக் கத்தி ஹில்க்கா... கூரு போயிருமே."

"உசுரு போனாலும் பரவால்ல, கூரு போகக் கூடாது! ஒன் கல்லறையில நட்டு வெச்சிருப்பேன்யா அத, பளபளன்னு!"

அவருடைய பூட்ஸைக் கழற்றிக்கொண்டேதான் திட்டினாள். கழற்றி முடித்ததும் அந்த வெளுத்த பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

இரண்டு நாள் கழித்து, காபி மேசையில் அவள் கோப்பைக்குப் பக்கத்தில் கத்தி கிடந்தது. முதுகு அவள் பக்கமாகத் திரும்பியிருந்தது.

"எழுத்துமேல படாமப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ரெய்னோ விறகு பிளக்கப் போய்விட்டார்.

இருபது நிமிட வேலைக்கு அவள் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். எழுத்தின்மேல் நான்கு சுற்று டேப் ஒட்டினாள். முடித்ததும் பிர்ச் மரப் பட்டையைப் புதிய முதுகால் சுரண்டித் தூளாக்கி, கத்தியை அசையாமல் பிடித்து, கம்பியைப் பின்னால் இழுத்தாள். இரண்டாவது இழுப்பிலேயே பொறி கொட்டித் தூள் பற்றிக்கொண்டது. "இத்தன வருஷம் சும்மா தொங்கிட்டிருந்தியா கழுத" என்று கத்தியைத் திட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை காலை ரெய்னோ மறுபடியும் தூண்டிலை எடுத்தார். வாசலில் ஹில்க்கா கையை நீட்டினாள். அவர் உறையிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தார். அவள் அதன் முதுகை நகத்தில் இழுத்தாள். மாவு உதிர்ந்தது. தலையசைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு ஏப்ரன் பைக்குள் கைவிட்டு, இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட ஒரு சிவப்பு லைட்டரை எடுத்தாள். ரெய்னோ வாயைத் திறப்பதற்குள் அதை அவருடைய மேலங்கியின் உள்பைக்குள் திணித்து, ஜிப்பை அவர் தாடைவரை இழுத்து மூடினாள்.