சவ்வு மிட்டாய் வாட்ச்

மேலப்பாளையம் சந்தைக்கு வெளியே, ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாய்ப் பொட்டலங்களை உணவுப் பாதுகாப்பு அதிகாரி பறிமுதல் செய்துகொண்டிருந்தார். "சாட்சிக் கையெழுத்து யாராவது போடுங்க" என்று அவர் பேனாவை நீட்டியதும் கூட்டம் பைய விலகியது. அந்த இனிப்பு வாடை என்னை ஏழு வயதுக்கு இழுத்துக்கொண்டு போனது.

உம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் தெருவில் சவ்வு மிட்டாய் விற்றார். மூங்கில் கழியில் சுற்றிய மிட்டாயை இழுத்து என் மணிக்கட்டில் வாட்ச் கட்டிவிடுவார். தின்று முடித்தாலும் வாட்ச் போகாது. ஆற்றில் குளிக்கும்போது உம்மா தேங்காய் நாரால் தேய்த்துப் பார்ப்பாள். சிவப்பு அப்படியே இருக்கும்.

ஒருநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து மாமாவின் கழியைப் பிடுங்கிக்கொண்டார்.

"இது தறி நூலுக்குப் போடுத சாயம்."

"பீட்ரூட் சாறுய்யா" என்று மாமா சத்தியம் செய்தார்.

சாட்சிக்கு ஒருவரும் வரவில்லை. நம் ஆளை நாமே காட்டிக்கொடுப்பதா என்று தெருவே உள்ளே போய்விட்டது. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் போடுதேன்."

"லாத்தா, நீயா?" என்று மாமா தன் அக்காவைப் பார்த்தார்.

"நாலு நாளாத் தேய்க்கேன், தோலுல இருந்தே போகல. பிள்ளைக்கு வயித்துக்குள்ள போனது எப்படிலே போகும்?"

உம்மாவுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. ஓதப் பழகிய அரபு எழுத்தில் தன் பெயரை நிதானமாக எழுதினாள்.

மாமா பல நாள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பிறகு ஒரு மதியம் வந்தார். புதுக் கழியில் மிட்டாய் வெள்ளையாக இருந்தது. உம்மா தன் கையை நீட்டினாள்.

"எனக்கொரு வாட்ச்சு கெட்டுலே."

அதிகாரி இன்னமும் பேனாவை நீட்டியபடி நின்றார். நானும் கையை நீட்டினேன்.