விசிறியில் விழுந்த வெட்டு

எங்கள் வீட்டுக்காரர் லாஞ்சி வாங்கிய வருஷம் அவருக்கு ஒரு வியாதி வந்தது. எந்த டாக்டரிடமும் அதற்கு மருந்து கிடையாது. எழுபதுகளில், பாய் கட்டிப் போனவர்கள் எல்லாம் லாஞ்சி என்கிற இன்ஜின் படகுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் சுற்றுகிற வெண்கல விசிறி பாறையில் அடித்துவிடுமோ என்று அவருக்கு எந்நேரமும் பயம். விசிறி போனால் லாஞ்சி வெறும் மரப்பெட்டி. இவருக்குச் சங்கு குளிக்கத் தெரியும், இன்ஜின் ஓட்டத் தெரியாது. ஓட்டியவன் என் தம்பி. ஆக, பயம் முழுக்க அவன் மேல் சந்தேகமாக இறங்கியது.

இத்தனைக்கும் இவர் சங்கு குளித்த காலத்தில் மேலே கயிற்றைப் பிடித்தவன் அவன்தான். குளிக்கிறவன் கல்லில் காலைக் கொடுத்து அடிக்கு இறங்குவான். அவனை மேலே இழுக்கிற கயிறு பெண்டாட்டியின் உடன்பிறந்தான் கையில்தான் இருக்கும். அக்காளின் தாலியை அறுக்க எந்தத் தம்பிக்கு மனசு வரும்? உயிரை நம்பிக் கொடுத்த மனுஷன் விசிறியை நம்பிக் கொடுக்கவில்லை.

ஒரு நாள் எங்கள் லாஞ்சி எல்லாரையும் முந்திக்கொண்டு மீன் ஏலத்துக்கு வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம். இவருக்கு முகம் கறுத்தது.

"ஏலே, எப்படில இம்புட்டு வெரசா வந்த? பாறைக்கு மேல ஏத்திக் குறுக்க கொண்டாந்தியோ?"

"இல்ல அத்தான். காத்து தோதா இருந்துச்சு."

"இன்ஜினுக்கு எதுக்குல காத்து?"

தம்பி முழித்தான். எனக்கே லேசாகச் சந்தேகம் தட்டியது. சின்ன வயதில் மாங்காய் திருடினாலும் இதே முழிதான் முழிப்பான்.

அன்று சாயங்காலம், கட்டிக் கிடந்த லாஞ்சிக்கு அடியில் தானே இறங்கிப் பார்க்கக் கிளம்பினார். கலங்கல் தண்ணீர். கையால்தான் தடவிப் பார்க்க வேண்டும். மிதந்து மேலே வந்துவிடாமல் இருக்கப் பழைய சங்கு குளிக்கும் கல்லை எடுத்துக்கொண்டார். கயிறு பிடிக்கத் தம்பியைக் கூப்பிடவில்லை. சந்தேகப்பட்டவன் கையில் கயிற்றைக் கொடுக்கலாமா? கல்லைப் பின்பக்கம் தானே தூக்கிப் போட்டுவிட்டு, அதில் கட்டிய கயிற்றைப் பிடித்து இறங்கினார். ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்து, "விசிறில வெட்டு விழுந்திருக்கு" என்றார், இழவு சொல்ல வந்தவர் போல.

மறுநாள் இரண்டாவது வெட்டு. அதற்கடுத்த நாள் மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. அன்றைக்கும் புதிதாக ஒன்று.

"களவாணிப்பய! ஞாயித்துக்கெழம லாஞ்சிய ஒளிச்சு ஓட்டியிருக்கான்!"

"காலைல பூசையில ஒங்க பக்கத்துல முழங்கால் போட்டவன் யாரு? மத்தியானம் நம்ம வீட்டுல ரெண்டாம் தடவ சோறு வாங்கித் தின்னவன் யாரு?"

"நடுவுல போயிருப்பான்."

"நடுவுல ஒறங்குனான். கொறட்டை தெரு முழுக்கக் கேட்டுச்சு."

இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டுவிட்டான் தம்பி.

"அக்கா, நான் புன்னைக்காயல்காரர் லாஞ்சிக்குப் போறேன். இனி அத்தானே ஓட்டட்டும்."

போய்விட்டான். இனி புது லாஞ்சி ஓட்ட ஆளில்லாமல் கிடக்கும். வேறொருவனை வைத்தாலும் இவர் சந்தேகத்துக்கு ஒரு வாரம் தாங்க மாட்டான். எனக்கோ அடுப்பு எரிய வேண்டும்.

திங்கட்கிழமை லாஞ்சி அசையவே இல்லை. சாயங்காலம் அவர் கல்லைத் தூக்கியதும், நானும் துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் போய் லாஞ்சிக்குள் உட்கார்ந்தேன். கல்லைப் போட்டார். எனக்குக் கீழே 'டங்' என்று ஒரு சத்தம், கோயில் மணி மாதிரி. கொஞ்ச நேரத்தில் தலை மேலே வந்தது.

"ஏளா, இன்னும் ஒண்ணு விழுந்திருக்கு!"

"விழாம? ஒங்க கல்லு விசிறில அடிச்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. மீனுக்கெல்லாம் பூசை வைக்கியளோ?"

லாஞ்சி விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நீ எப்பவும் ஒன் தம்பி பக்கந்தான்."

"அப்ப இன்னொரு தடவ போடுங்க. கேப்போம்."

போடவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு தம்பியைப் பார்க்கக் கிளம்பினார். நானும் கூடவே போனேன். தனியாக விட்டால் சமாதானம் பேசப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவார்.

"மாப்ள, நாளைக்கு லாஞ்சிய எடு."

"பாறைக்கு மேல ஏத்துனேன்னு சொன்னியளே?"

"ஏத்தலன்னுதான் இப்பச் சொல்லுதேன்."

"அப்ப வெட்டு போட்டது யாரு?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அது… கல்லு பட்டுருச்சு."

"யாரு கல்லு?"

"எங்கல்லுதாம்ல! போதுமா?"

தம்பி சிரிக்காமல் நின்றான். எப்படித்தான் முடிந்ததோ.

"வாரேன். ஆனா நீங்க இனிமே லாஞ்சிக்கு அடியில எறங்கக் கூடாது. நீங்க எறங்க எறங்க எனக்குத்தான் கெட்ட பேரு."

"எறங்கல."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். விசிறியைக் கழற்றி வெட்டுகளை அரத்தால் ராவிச் சரிசெய்தார்கள். தம்பி மறுபடியும் லாஞ்சியை எடுத்தான். அவன் முதல் தடவை கரைக்கு வந்த அன்றைக்கே இவர் டீசல் தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டு, நனைந்த அளவைக் கத்தியால் கோடு கிழித்துக் குறித்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுதிய?" என்றேன்.

"சும்மாதான்" என்றார்.