அண்ணன் அச்சடித்த படங்கள்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப்பேர் அவரிடம் படம் வாங்கியவர்கள். அதனால் அந்தப் படங்களைப் பற்றியே எழுதுகிறேன்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே றப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அண்ணன். அப்பா இறந்ததும் படிப்பை விட்டு றப்பர் மரத்தில் பால்வெட்டப் போய், தங்கையான என்னை ஆளாக்கினார். பிறகு பழைய கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கி, தானாகவே கற்று, லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலேயே படம் அச்சடித்தார். "தம்பி, நம்ம மூஞ்சியக் கொஞ்சம் செவப்பாக்கிக் குடுங்க" என்று பெண்கள் கேலி செய்வார்கள். "அதுக்கு மை பத்தாதுங்க அக்கா" என்பார்.

எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தபோது அடையாள அட்டை வந்திருக்கவில்லை. யுத்த காலம். கிராம சேவகர் படம் ஒட்டித் தந்த கடிதம்தான் துணை. படம் அண்ணன் அச்சடித்தது. நான் புறப்பட்ட அன்று அடைமழை. அவிசாவளைப் பக்கத்துச் சோதனைச் சாவடியில், நனைந்த பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். அதில் என் முகம் இல்லை. நீலமும் சிவப்புமாய் ஒரு கறை.

"மூஞ்சிய அழிச்சிட்டு எங்க போற?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். பஸ் போய்விட்டது. தகவல் கிடைத்து அண்ணன் ஓடி வரும்வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். "இருட்டுறதுக்குள்ள ஆள் யாருன்னு தெரியலைன்னா மேலிடத்துக்கு அனுப்பிருவோம்" என்றார்கள். அப்படிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அண்ணன் அதே படத்தின் இன்னொரு பிரதியைக் கொண்டுவந்திருந்தார். என் முகத்துக்கு அவர் கையில் இருந்த ஒரே சான்று அதுதான். அதன்மேல் ஈர விரலை வைத்துத் தேய்த்தார். என் கண்முன்னே என் முகம் கரைந்தது.

"தங்கச்சி அழிக்கலைங்க மாத்தயா. நான் வீட்டுல அடிச்சது. தண்ணி தாங்காதுன்னு தெரிஞ்சும் ஒட்டக் குடுத்தேன். தப்பு என்னோடது."

"இப்ப ரெண்டும் போச்சு. இவ ஒன் தங்கச்சின்னு எத வச்சு நம்புறது?"

அதிகாரி அண்ணனின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார். பதினாறு வயதில் ஸ்டூடியோவில் எடுத்த படம். இத்தனை வருஷம் கழித்தும் கண்ணிமை வரை தெளிவு. மீசை முளைக்காத அந்த முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் அட்டையைப் பார்த்தார்.

"மீசை மட்டும் இல்லாட்டி, இவளுக்குப் பதிலா நீயே வேலைக்குப் போயிருக்கலாம்" என்றார். அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னை விட்டார்.

அன்று கொழும்புப் பயணத்தை விட்டு ஊர் திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். "என்னாண்ணே?" என்றேன். "இன்னும் பதினோரு பேரு கடுதாசியில நான் அடிச்ச படம் இருக்கு."

வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. மழையோடு லயம் லயமாகப் போனார். "இத வச்சிக்கிட்டு வெளிய போவாதீங்க, ஸ்டூடியோ படம் ஒட்டுங்க" என்றார். ஏசியவர்களும் உண்டு. தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அதன் பிறகும் அச்சடித்தார். ஆனால், "செவுத்துக்கு மட்டுந்தான். வெயிலும் அடுப்புப் பொகையும் பட்டா ரெண்டு மூணு வருஷத்துல வெளுத்துரும்" என்று சொல்லாமல் யார் கையிலும் கொடுத்ததில்லை.

நெஞ்சுவலி வந்த அன்று அவரை ரோடுவரை தூக்கிவந்த மேல்லயத்துச் சகோதரர்களுக்கும், கேட்காமலே வேன் எடுத்துவந்த கடைக்கார நானாவுக்கும், காரியங்களில் கூட நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அண்ணன் அச்சடித்த படம் உங்கள் சுவரில் இருந்தால், முகம் தெரியும்போதே ஸ்டூடியோவில் நகல் எடுத்து வையுங்கள். முடியாதவர்கள் என்னிடம் கொடுங்கள். அந்தப் பதினோரு வீடுகளுக்கு அன்று அவரே போய்வந்துவிட்டார். மற்ற வீடுகள் என் பொறுப்பு.