லெட்சுமி சொன்னதை விற்ற கூட்டம்

1. ‘வேஸ்ட் ஃபேமிலி’

“ஸ்டெல்லா, இந்த ஃபேமிலி வேஸ்ட் லா. நாம என்ன சொன்னாலும் வீட்ல செய்ய மாட்டாங்க. கொஞ்ச நாள் பாரு. சரி வரலன்னா நிறுத்திடலாம்.”

மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் நான் வேலை பார்த்த சிறப்புக் குழந்தைகள் மையத்தின் இயக்குநர் பிரேமா மேடம் இப்படிச் சொல்லித்தான் தினேஷை என்னிடம் ஒப்படைத்தார். தினேஷுக்கு ஏழு வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. வேண்டியது கிடைக்காவிட்டால் தொண்டை கிழியக் கத்துவான்.

நான் பிஹேவியர் அனலிஸ்ட். ஒரு குழந்தை எதற்காகக் கத்துகிறது, கத்தியதும் அதற்கு என்ன கிடைக்கிறது என்று கவனித்து, கத்தாமலே அதைக் கேட்டுவாங்க வழி கற்றுக்கொடுப்பது என் வேலை. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரே வரியில் திட்டம் போட்டிருந்தார்: கத்தினால் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள், ஓயும்வரை கண்டுகொள்ளாதீர்கள். தினேஷின் அம்மா லெட்சுமி அதைச் செய்யவில்லை. அதனால் மையத்தில் அவருக்கு ‘ஒத்துழைக்காத பெற்றோர்’ என்று பெயர்.

ஆயர் ஈத்தாம் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். பழைய அடுக்குமாடி. பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். இந்த வீட்டில் ஒரு பிள்ளையை ஓயும்வரை கத்தவிடச் சொன்னவர் ஒருநாளாவது படியேறி வந்து பார்த்திருப்பாரா? அங்கேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

2. ஏன் என்று யாரும் கேட்கவில்லை

எங்கள் துறையில் மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் என்று ஒரு பேச்சுமுறை உண்டு. பெற்றோரிடம் “இதைச் செய்யுங்கள்” என்று அடுக்காமல், அவர்களுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று கேட்க வேண்டும். அவர்கள் சொன்னதை நாம் புரிந்துகொண்ட விதத்தில் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். முடிவு அவர்களுடையது. சொல்வது சுலபம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால் தெரியும்.

லெட்சுமியிடம் கேட்டேன்: “போன் குடுக்கறதால உங்களுக்கு என்ன நல்லது நடக்குதும்மா?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “திட்ட வந்தீங்கன்னு நெனச்சேன் டீச்சர்.”

“இல்லம்மா. தெரிஞ்சிக்கத்தான்.”

“போன் குடுத்தா கத்த மாட்டான். கத்துனா கீழ்வீட்டு ஆன்ட்டி வந்து கதவ இடிப்பாங்க. வீட்டு ஓனர் கிட்ட கம்ப்ளெய்ன் பண்ணிடுவேன்னு சொல்லிட்டாங்க. இந்த வீட்ட விட்டா நாங்க எங்க போறது?”

“அவன் கத்தறதவிட, அந்தக் கதவு இடிக்கிற சத்தந்தான் உங்கள வாட்டுது.”

லெட்சுமி தலையாட்டினார். பிறகு தானாகவே சொன்னார். “தண்ணி வேணும்னா கத்தாம கேட்டாப் போதும் டீச்சர். அது ஒன்னு வந்தாலே எனக்கு மூச்சு வரும்.”

அங்கிருந்துதான் ஆரம்பித்தோம். தண்ணீர்க் குவளை படம் போட்ட ஓர் அட்டை. கீழ்வீட்டு ஆன்ட்டி பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும் நேரத்தில் பழக்கலாம் என்று முடிவு செய்ததும் லெட்சுமிதான். கத்துவதற்கு முன்பே அட்டையை அவன் கையில் கொடுத்து நீட்டவைத்தோம், நீட்டியதும் தண்ணீர். சில வாரங்களில் அவனாகவே அட்டையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். லெட்சுமி என் தோளில் முகம் புதைத்து அழுதார்.

அன்றுதான் அவர் அதையும் சொன்னார். “ஒரு நாள் அவன் வாய என் கையால பொத்திட்டேன் டீச்சர். கொஞ்ச நேரம் கைய எடுக்கல. அவன் கண்ணப் பாத்ததும்தான் எடுத்தேன்.”

திட்டவில்லை. மறுபடியும் கை மீறிப்போகும் என்று தோன்றினால் என்ன செய்வது என்று இருவரும் பேசினோம். தினேஷை மெத்தையில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பது, மேல்மாடியில் இருக்கும் தங்கையைக் கூப்பிடுவது. குழந்தையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் மையத்தில் சொல்லியாக வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டார். கணவர் குணாவைப் பற்றி மட்டும் கெஞ்சினார். குணா ஃபேக்டரி பஸ் ஓட்டுநர். “அவர்கிட்ட நானே சொல்றேன் டீச்சர். கொஞ்சம் டைம் குடுங்க.”

அவர் வாய் பொத்தியதையும், குணாவிடம் தானே சொல்வதாகக் கேட்டுக்கொண்டதையும் வாராந்தரக் கூட்டத்தில் சொன்னேன். சொன்னது தவறென்று இன்றும் நான் நினைக்கவில்லை. பிரேமா மேடம் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “உன் மெதட்ல எல்லாரும் நல்லா பேசறாங்களே ஸ்டெல்லா. அட்மிஷனுக்கும் இத யூஸ் பண்ணலாம் போலயே” என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

3. மேடத்தின் அறை

அந்த மாதமே தினேஷின் பெற்றோரை மேடம் அழைத்தார். கட்டணம் அதிகமுள்ள முழுநாள் வகுப்பில் சேர்க்கும் பேச்சு. என்னையும் உட்காரவைத்தார். குணா தயங்கினார். “இப்பத்தான் வீட்லயே நல்லா வர்றான் மேடம். முழுநாள் எதுக்கு?”

மேடம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் லெட்சுமியிடம் பேசிய அதே மென்மை, அதே நிதானம். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. “லெட்சுமி, அன்னிக்கு அவன் வாயப் பொத்துனீங்கல்ல? உங்களுக்கே பயமா இருந்துச்சுல்ல? மறுபடியும் அப்படி நடந்துட்டா? அவன் பகல் முழுக்க இங்க இருந்தா உங்க மனசுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க.”

குணா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். லெட்சுமி என்னைப் பார்த்தார்.

என் உடம்பெல்லாம் எரிந்தது. “மேடம், நிறுத்துங்க. தினேஷுக்கு முழுநாள் தேவையில்ல. அவனோட அனலிஸ்ட் நான், நான் சொல்றேன். அவங்க பயத்த வெச்சு கையெழுத்து வாங்காதீங்க.”

“ஸ்டெல்லா, வெளிய போ.”

“போறேன். அவங்க போனப்புறம் போறேன்.”

குணா எழுந்தார். கத்துவார் என்று நினைத்தேன். மனைவியின் கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். “நான் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தூங்கிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன். இவ ஒருத்தியா சமாளிச்சிருக்கா” என்றார். பிறகு மேடத்திடம், “எங்க வீட்டுக் கஷ்டத்த எங்கக்கிட்டயே விக்கிறீங்களா மேடம்?”

இருவரும் போய்விட்டார்கள். லெட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை.

4. பிறகு

அன்றே வேலையை விட்டேன். நடந்ததை எழுதி எங்கள் துறையின் ஒழுங்குமுறைக் குழுவுக்கும் அனுப்பினேன். விசாரிக்கிறோம் என்றார்கள். மையம் இன்றும் நடக்கிறது. ‘பெற்றோரின் குரலைக் கேட்கிறோம்’ என்று வாசலில் பெரிய பேனர் தொங்குகிறது. அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் அதைக் கிழித்தெறியக் கை பரபரக்கிறது.

லெட்சுமியை ஒருமுறை ஆயர் ஈத்தாம் பாசாரில் பார்த்தேன். தினேஷ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அரசாங்க மருத்துவமனையில் காட்டுவதாகச் சொன்னார். அவன் இப்போது சாப்பாடும் கழிவறையும் அட்டை காட்டிக் கேட்கிறானாம். மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்க எனக்காகப் பேசுனீங்க, தெரியும் டீச்சர். ஆனா இந்த ஆஸ்பத்திரில ஒரு டீச்சரம்மா ‘எப்படிம்மா இருக்கீங்க’ன்னு அன்பா கேட்டாங்க. அந்த மேடம் குரல் மாதிரியே இருந்துச்சு. நல்லாருக்கேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

மேடம் செய்த கேட்டின் அளவு அன்றுதான் எனக்குப் புரிந்தது. உதவி செய்ய வருகிற அடுத்த ஆளிடமும் அந்தப் பெண் வாய் திறக்க மாட்டார்.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லித்தருகிறேன். ஒரு தாயிடம் முதல் கேள்வி கேட்பதற்கு முன்பே, அவர் சொல்வது யார் காதுக்கெல்லாம் போகும், எதற்காகப் போகும் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் மேலதிகாரி அதை வேறு எதற்காவது எடுத்தால், அந்த அறையிலேயே, அந்தத் தாயின் முன்னாலேயே மறுத்துப் பேசுங்கள். பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். இவ்வளவையும் சொன்ன பிறகு அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் வற்புறுத்தாமல் எழுந்து வாருங்கள். அடுத்த வாரம் மறுபடியும் போங்கள்.