அண்ணி திருத்திய நான்கு படங்கள்

என் அண்ணி ஒரு போட்டோ ஸ்டுடியோவில் பதினோரு வருடமாக முகங்களைத் திருத்துகிறவள். பாஸ்போர்ட் படமோ கல்யாணப் படமோ, கம்ப்யூட்டரில் அவள் கைபட்டால் பருவும் கருவளையமும் போன இடம் தெரியாது. வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் டச்சப் அக்கா. முன்பெல்லாம் முன்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களோடு வாயடித்துக்கொண்டேதான் வேலை பார்ப்பாள். "இந்த மூஞ்சிய இதுக்கு மேல அழகாக்க முடியாது, வீட்டுக்குப் போங்க" என்று கிண்டலடித்தே நாலு படம் கூடுதலாக விற்றுவிடுவாள்.

போன வருடம் பஸ்ஸுக்காக நின்றவள்மீது ஒரு கார் மோதியது. ஓட்டியவன் போனில் பேசிக்கொண்டிருந்தானாம். உடைந்த எலும்பெல்லாம் கூடிவிட்டது. முகத்தில் மட்டும் இடது காதிலிருந்து வாய்வரை தடித்த தழும்பு தங்கிவிட்டது. உதட்டோரம் மேலே இழுத்துக்கொண்டதால் தண்ணீர் குடித்தால் வழியும். இன்னொரு ஆபரேஷன் செய்தால் வாய் மூடும் என்றார் டாக்டர். அதற்குத்தான் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டோம். இதற்கிடையில் முதலாளி அவளைப் பின்னறைக்கு மாற்றினார். "அங்க ஏசி நல்லா இருக்கும்மா" என்று காரணம் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி மறுபேச்சில்லாமல் எழுந்து போனாள்.

தழும்பு தெரிகிற மாதிரி நான்கு படங்கள் வேண்டும் என்றார் எங்கள் வக்கீலம்மா. முதலாளியே எடுத்தார். பிரிண்ட் போடும் முன் எல்லாப் படமும் அண்ணியிடம்தானே வரும்? இதுவும் வந்தது. அண்ணன் கவரைப் பிரிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்தான். நூறு வழக்கு பார்க்கும் வக்கீலம்மா அதைப் பார்த்தும் பார்க்காமலும் ஃபைலில் சேர்த்துவிட்டார்.

விசாரணையன்று நானும் போயிருந்தேன். காரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்தப் படங்களைத் தூக்கிக் காட்டினார். தழும்பு இருக்க வேண்டிய இடத்தில் தலையணை பதிந்த கோடு மாதிரி லேசாக ஏதோ இருந்தது. உதடு நேராக இருந்தது.

"நேர்ல ஒண்ணு, படத்துல ஒண்ணு. இதத் திருத்தினது யாரும்மா?"

அண்ணி தலை குனிந்தாள். "நான்தான் சார்."

"உங்க வேலையே அதானே? அப்போ வழக்குப் போடும்போது நீங்க கொடுத்த ஆஸ்பத்திரிப் படத்துல தழும்பப் பெருசாக்கலன்னு என்ன நிச்சயம்? அதோட, பின்னறையில உக்காந்து பாக்குற வேலைக்கு முகம் எதுக்கு?"

நீதிபதி அண்ணியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வாய்தாவுக்குள் டாக்டர் கையெழுத்தோடு புதுப் படங்கள் வேண்டும், இல்லாவிட்டால் இருப்பதை வைத்தே தீர்ப்பு என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் குதித்தான். "மூளை இருக்கா உனக்கு? கைக்கு வந்ததக் கெடுத்துட்டியே!"

"வேணும்னு செய்யலங்க. ஸ்கிரீன்ல ஒரு முகம் வந்தா கை தானா போகுது. யாரோ எவரோன்னு சரி பண்ணிட்டேன்."

அண்ணன் ஆட்டோ கூப்பிடப் போனான்.

மறுநாள் வீட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கோர்ட்டுக்கான புதுப் படங்களுக்குத் தன்னை என் போனில் எடுக்கச் சொன்னாள். "நேர் வெளிச்சம் வேணாம், எல்லாத்தையும் மறைச்சிடும். பக்கத்துலேர்ந்து விழட்டும். அப்பதான் மேடு பள்ளம் தெரியும்." தண்ணீர் குடித்து, அது மோவாயில் வழியும்போது ஒரு படம் எடுக்கச் சொன்னாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தூக்கினேன்.

"அழாம எடு. ஆடினா மங்கிடும்."

எடுத்து முடித்ததும் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். தண்ணீர் வழிகிற படத்தில் விரல் நின்றது.

"இது நான்தானே?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமா அண்ணி" என்றேன்.